பம்பரின் உள்பக்கம்

வண்டியைத் திரும்ப எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார்கள். அடிபட்டிருந்த இடத்தில் நிற்பார்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் அதன்மேல் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று பார்ப்பார்கள். பிறகு உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார்கள். தடவி முடித்ததும் பட்டறைக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வார்கள்: "கலர், உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா."

அந்த நேரத்தில் டிங்கர் வேறொரு வண்டியின் கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். காதில் விழாத மாதிரிதான் இருப்பார். ஆனால் சுத்தியல் சத்தம் அந்த ஒரு நொடி நின்றுவிடும்.

கலர் என்பது அவருடைய மனைவியின் தம்பி. பெயிண்டர். நிஜப் பெயர் ஒன்று உண்டு. வங்கியில் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பான். டிங்கருக்கோ அப்படி ஒரு செல்லப் பெயர்கூட அமையவில்லை. நசுங்கியதை நிமிர்த்துகிறவர் டிங்கர், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. முன்னால் மேசை போட்டு, போனை எடுத்து, சாமான் வரவழைத்து, வருகிறவர்களிடம் பேசுவது டிங்கரின் மனைவி.

டிங்கர் வேலையின் விதி கொஞ்சம் கொடூரமானது. நன்றாகச் செய்தால் செய்த அடையாளமே இருக்கக் கூடாது. நசுங்கிய கதவை அவர் உள்ளிருந்து தட்டித் தட்டி வெளியே கொண்டுவருவார். விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே எங்கே இன்னும் மேடு, எங்கே பள்ளம் என்று சொல்வார். அதன் மேல் பள்ளத்தை நிரப்பும் பட்டி, பட்டியின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் பளபளப்பு. அத்தனைக்கும் அடியில் அவருடைய உழைப்பு அடக்கமாகிவிடும். அந்த விதியோடு அவருக்குச் சண்டை இல்லை. பெயிண்டருக்கு அந்த விதி இல்லையே என்பதில்தான் சண்டை.

பொறாமைக்கு அதிக தூரம் நடக்கத் தெரியாது. ஊரின் மறுகோடியில் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் பட்டறை வைத்திருப்பவனைப் பார்த்து டிங்கர் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. தன் தட்டுக்கு அடுத்த தட்டில் சாப்பிடுகிறவனைப் பார்த்துத்தான் பட்டார். மதியம் மனைவி சாப்பாட்டுக் கூடையைத் திறந்து மூன்று பேருக்கும் போடுவாள். பொரித்த மீனின் நடுத்துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்பதை டிங்கர் கழுத்தைத் திருப்பாமல் பார்த்துவிடுவார். "தம்பி காலையில வெறும் டீயோட வந்துட்டான்," என்பாள். கலருக்கு ஏதோ ஒரு காரணம் எப்போதும் இருந்தது. டிங்கர் எப்போதும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவராகவே இருந்தார்.

மகளின் சைக்கிள் விஷயம் இன்னும் ஆறவில்லை. பின்சக்கரம் எட்டுப் போட்டதுபோல் வளைந்து கிடந்தது. ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கி அதை நேராக்கியவர் அவர். கலர் வந்து மீதியிருந்த நீல வண்ணத்தை அடித்துவிட்டுப் போனான், அரை மணி வேலை. மகள் தெருவெல்லாம் ஓட்டிக்காட்டி, "எங்க மாமா சரி பண்ணிக் குடுத்தாங்க" என்றாள். வீட்டு வாசலில் நின்றிருந்த டிங்கர், அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தும் வைத்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. தன் வேலை முடிந்ததும் டிங்கர் சாக்பீஸை எடுத்து, தான் தொட்ட இடங்களையெல்லாம் வட்டம் போட்டு வைப்பார். எங்கே பட்டி வைக்க வேண்டும், எங்கே இரும்போ பிளாஸ்டிக்கோ வெறுமையாகத் தெரிகிறது என்பது கலருக்கு அதிலேயே புரிந்துவிடும். வாய்விட்டு அவர்கள் வேலையைப் பற்றிப் பேசியது குறைவு. இவர் வட்டம் போடுவார், அவன் வட்டத்தைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வான். அந்தத் தலையாட்டலை டிங்கர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை.

மாட்டு டாக்டரம்மாவின் வண்டி வந்தது ஒரு வியாழக்கிழமை. கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய எஸ்யூவி. வெயிலும் சேறும் பார்த்துப் பார்த்து, பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஏறத்தாழ இலை நிறத்துக்கு வந்திருந்தது. முன்பக்க பம்பர் இடது விளக்குக்கு அடியிலிருந்து நம்பர் பலகை வரை பிளந்து, இடது ஓரம் பெயர்ந்து, தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. விழாமல் இருக்க, மாட்டின் காலுக்குக் கட்டுப் போடும் வெள்ளைத் துணியால் டாக்டரம்மா இறுக்கிக் கட்டியிருந்தார்.

டிங்கரின் மனைவி மேசையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "என்ன டாக்டரம்மா, வண்டிக்கே கட்டுப் போட்டுட்டீங்க?"

"காளை முட்டிடுச்சு. ஊசி போட்டது நான், அடி வாங்கினது இது. என்னை முட்ட தைரியம் இல்ல அந்தக் கோழைப் பயலுக்கு."

கலர் குனிந்து பார்த்தான். டிங்கரும் குனிந்தார். இரண்டு பேருக்கும் இரண்டு வேறு பம்பர்கள் தெரிந்தன.

"புதுசு போட்டுடலாம் டாக்டரம்மா," என்றான் கலர். "வண்டி பழசாச்சு, கம்பெனி பம்பர் இப்ப வர்றதில்ல. ஆனா வெளியில செய்றது கிடைக்கும். சொன்னா நாளைக்கே வந்துடும். மேல நான் அடிச்சுக் குடுத்தேன்னா கண்ணாடி மாதிரி இருக்கும்."

"வெளியில செய்றதா?" டிங்கர் நிமிரவே இல்லை. "அது பம்பர் இல்ல, பிளாஸ்டிக் குடம். காளை எதுக்கு, கன்னுக்குட்டி தும்முனாலே போதும். இது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக், எவ்வளவு தடிமன் பாருங்க. நான் ஒட்டித் தர்றேன்."

"மாமா, ஒட்டலாம். ஆனா ஓரத்துல கிளிப் மாட்டுற காதெல்லாம் போயிடுச்சே. பாதி பம்பரை நீங்களே புதுசா செய்யணும்."

"செய்வேன்."

"எதுக்கு மாமா இவ்வளவு பாடு? இனிமே எல்லாம் கழட்டு, மாட்டுன்னு ஆகிப்போச்சு."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மாமாவுக்கு முதுகு வலி வேண்டாமே என்று சொன்னான். ஆனால் டிங்கரின் நெஞ்சில் போய்க் குத்தியது அந்தக் கடைசி வாக்கியம். சில காலமாகவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வருகிற வண்டியிலெல்லாம் பழையதைக் கழற்றிப் போடு, புதியதை மாட்டு. அவர் கையில் சுத்தியலைவிட ஸ்பானர் அதிக நேரம் இருந்தது. இந்த பம்பரும் அந்த வழியில் போய்விட்டால், பட்டறையில் பெயிண்டர் இருப்பான், அவனுக்கு நட்டு கழற்றிக் கொடுக்கிற ஒருவர் இருப்பார். அதை நினைக்கும்போதே அவருக்கு வாய் கசந்தது.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே மாட்டுக்கு ரெண்டு பேரும் ரெண்டு மருந்து எழுதுறீங்க. எதைக் குடுத்தாலும் சரி, திங்கட்கிழமை காலையில எனக்கு வண்டி வேணும். தடுப்பூசி முகாம் இருக்கு."

தீர்ப்பு சொன்னது மனைவி. "சரி, நீங்க ஒட்டிப் பாருங்க. நான் கடையில சொல்லி ஒரு புதுசை எடுத்து வெக்கச் சொல்றேன். ஒருவேளை நிக்கலைன்னா மாட்டிக்கலாம்."

"ஒருவேளை" என்பதையும் "நிக்கலைன்னா" என்பதையும் அன்று இரவு சாப்பிடும்போதும் டிங்கர் மென்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் செய்த வேலையைப் பார்க்க யாரும் இல்லாமல் போனது. மனைவி மேசையில் போனோடு இருந்தாள். டிங்கர் பட்டறை மூலையில் வேண்டாமென்று கிடந்த பழைய பம்பர்களைப் புரட்டி, உள்பக்கத்து எழுத்துகளைத் தேய்த்துப் பார்த்து, இதே வகைப் பிளாஸ்டிக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதிலிருந்து விரல் அகலத்துக்கு நாடா நாடாவாக வெட்டினார். பிளவின் இரண்டு உதடுகளையும் சேர்த்துப் பிடித்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உருக்கி உருக்கி, நாடாவை அதற்குள் ஊட்டினார். உள்பக்கம் துருப்பிடிக்காத கம்பி வலையைச் சூடாக்கி அழுத்திப் புதைத்தார். இடது ஓரத்தையும் கிளிப் மாட்டும் காதுகளையும் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கினார். ஒவ்வொன்றையும் வண்டியில் வைத்துப் பார்த்து, எடுத்து, சூடு காட்டி, வளைத்து, திரும்ப வைத்துப் பார்த்தார். உருகும் பிளாஸ்டிக்கின் மெழுகு வாசனை சட்டையிலெல்லாம் ஏறியது. மாலைக்குள் பம்பர் முழுசாக இருந்தது. முட்டியால் தட்டினால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சத்தம்.

வழக்கப்படி இங்கே சாக்பீஸை எடுத்திருக்க வேண்டும். எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கலர் அப்போது பட்டறையில் இல்லை. வண்டியின் பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதைக் காட்டி வெளுத்த பச்சைக்கு ஈடாக நிறம் கலந்து வாங்கிவரப் போயிருந்தான். அந்தப் பெயிண்ட் கடைக்குப் போனால் லேசில் வர மாட்டான். நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள், டீ வரும், அவன் துளித்துளியாகக் கறுப்பும் மஞ்சளும் சேர்க்கச் சொல்வதை வேடிக்கை பார்ப்பார்கள். கலர் நிறம் கலப்பதைப் பார்க்கக்கூட ஆள் உண்டு.

டிங்கர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டார். அவருக்கு ஒரு ஆசை வந்திருந்தது. மாப்ளை வந்து பம்பரைப் பார்த்து, "எங்க மாமா உடைஞ்சிருந்துச்சு?" என்று கேட்க வேண்டும். வட்டம் போட்டுக் காட்டிவிட்டால் கேட்க மாட்டான். கறுப்பாகத் தையல் போட்ட மாதிரி தெரிந்தாலும் கேட்க மாட்டான். ஆகவே பட்டியைத் தானே பூசினார், உப்புத்தாளால் தானே தேய்த்தார். பிறகு கலரின் ஸ்ப்ரே கன்னைக் கொக்கியிலிருந்து எடுத்து, சாம்பல் பிரைமரை ஊற்றி, பம்பர் முழுக்கத் தானே அடித்தார்.

அடிப்பதற்கு முன் கலர் எப்போதும் ஒன்று செய்வான். அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, பிளாஸ்டிக் வெறுமையாகத் தெரிகிற இடங்களில் நிறமே இல்லாத எதையோ மெல்லியதாக அடிப்பான். அடித்த பிறகும் அடிக்காத மாதிரியே இருக்கும். "பிளாஸ்டிக் பிரைமர்" என்பான். டிங்கர் அதற்கு வைத்திருந்த பெயர் "கலரோட தண்ணி". கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெளித்துவிட்டு, அது காயும்வரை கலர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய மனிதத் தோரணையில் நிற்பதை அவரால் பார்க்கவே முடியாது. இரும்பில் வளர்ந்த கை அவருடையது. பிரைமர் என்றால் பிடிக்கும், பிடிப்பதற்குத்தான் அது பிரைமர். அந்தத் தண்ணியின் பக்கம் அவர் போகவில்லை.

சனிக்கிழமை காலை கலர் வந்து பம்பரின் முன்னால் நின்றுவிட்டான்.

"என்ன மாமா, பட்டி, கிரே எல்லாம் நீங்களே அடிச்சாச்சா?"

"ஏன், கன்ல உன் பேரு வெட்டியிருக்கா?"

"ஐயோ, அதுக்கில்ல. வட்டம் போடலையே நீங்க."

"வட்டம் எதுக்கு? கண்ணு இருக்குல்ல, நீயே கண்டுபிடி."

கலர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு விரல் நுனிகளால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனான். திரும்பி வந்தான். சிரிப்பு குறைந்துபோயிருந்தது.

"சத்தியமா தெரியல மாமா. எங்க உடைஞ்சிருந்துச்சு?"

கேட்டுவிட்டான். இவ்வளவு வருடம் காத்திருந்த வார்த்தை, கேட்ட விதத்திலும் குறையில்லை. டிங்கருக்கு அது தொண்டைக்குள் இனிப்பாக இறங்கியது. ஆனால் இனிப்பு அடங்குவதற்குள் கலர் அடுத்ததைக் கேட்டான்.

"பிளாஸ்டிக் தெரிஞ்ச இடத்துல நம்ம தண்ணியை அடிச்சீங்கல்ல?"

அவன் "தண்ணி" என்று சொன்னதே இவரைக் கேலி செய்யத்தான். தான் வைத்த பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் டிங்கருக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பதையும் அவர் பார்த்தார். எல்லாவற்றையும் திரும்பத் தேய்க்க வேண்டும், கறுப்புத் தையல் வெளியே வரும், அவன் டப்பாவைத் திறப்பான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

"எல்லாம் அடிச்சாச்சு. எனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்ப சரி," என்றான் கலர். மறு கேள்வி கேட்கவில்லை.

அன்று மாலை பம்பர் பச்சையாகத் தொங்கியது. வெளுத்த பச்சை, வண்டியின் பச்சையேதான், ஒரு இழை முன்னும் இல்லை பின்னும் இல்லை. டிங்கரின் மனைவி கூடையைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். "தம்பி, என்னடா இது, பழசையே புதுசா ஆக்கிட்டியே!" என்றாள்.

"நான் என்னக்கா பண்ணேன், மாமா வேலை," என்றான் கலர்.

"அதெல்லாம் சரிதான்," என்றாள் அவள், தம்பியின் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டபடி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிங்கர் தனியாக பம்பரை மாட்டினார். கிளிப்புகள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று உட்கார்ந்தன. அவர் செய்த காதுகள், அவர் செய்த ஓரம். இடது ஓரம் வண்டியோடு சரியாகச் சேர்ந்து நிற்பதற்காக மாஸ்கிங் டேப்பைக் குறுக்கே ஒட்டி இழுத்துப் பிடித்து, உள்ளே ஸ்க்ரூக்களை முடுக்கினார். வேலை முடிந்தது. எழுந்து நின்று டேப்பைப் பிரித்தார்.

டேப்போடு பச்சையும் வந்தது.

ஒரு வாழை நாரைப்போல, அலுங்காமல், நீளமாக உரிந்து வந்தது. அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தது. உரிந்த விளிம்பை நகத்தால் தொட்டார். அது இன்னும் கொஞ்சம் தாராளமாகவே எழும்பி வந்தது.

முதலில் அவருக்கு வந்தது பயம் இல்லை. மறைக்காமல் சொல்வதென்றால், அவர் முகத்தில் வந்தது சிரிப்பு. கலர் அடித்த பெயிண்ட் உரிகிறது. உள்ளே அவருடைய ஒட்டு அசையாமல் நிற்கிறது. டாக்டரம்மா நாளைக் காலை வந்து தடவிப் பார்க்கப் போகிறார். கலரின் பெயரை முதன்முதலாக ஒருவர் வேறு மாதிரி சொல்லப் போகிறார். தன் பொய் எங்கே இருக்கிறது என்பது அதன் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அப்போதும் சிரிப்பு முழுதாகப் போய்விடவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் மனிதன் நினைவைவிட மெதுவாகத்தான் நல்லவனாகிறான்.

டேப்பைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும்போதே மனைவியும் கலரும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

"ஐயோ!" மனைவி நின்றுவிட்டாள். "என்னங்க இது? அப்பவே சொன்னேன் ஒட்டு நிக்காதுன்னு. கடைக்காரருக்குப் போன் போடறேன், புதுசை அனுப்பட்டும்."

"ஒட்டு நல்லாத்தான் நிக்குது. பெயிண்ட்தான் நிக்கல," என்றார் டிங்கர். அவர் பேசியது பொய்யில்லை. அதில்தான் அவருடைய சாமர்த்தியம்.

கலர் டேப்பை வாங்கிக்கொண்டான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உரிந்த தோலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். பச்சை, அதன் பின்னால் சாம்பல், அதன் பின்னால் ஒன்றுமில்லை. அந்தச் சாம்பல் பூச்சு பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை, வழவழவென்று இருந்தது. அவன் அதை விரலால் தேய்த்துப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது டிங்கருக்குப் புரிந்தது.

"என்னடா தம்பி?" என்றாள் அக்கா.

"என் தப்புதான்க்கா," என்றான் கலர். "பிளாஸ்டிக் பிரைமரைச் சரியாப் பார்க்காம அடிச்சிட்டேன். அவசரத்துல விட்டுட்டேன். மாமா வேலையில ஒண்ணும் குறையில்ல. புதுசெல்லாம் வேண்டாம், நானே திரும்ப அடிச்சுக் குடுத்துடறேன்."

அக்காவின் முகம் இளகியது. "விடுடா. நேத்து முழுக்க நின்னுட்டே அடிச்ச, உடம்பு என்ன இரும்பா? தப்பு நடக்குறதுதான். அதை ஒத்துக்கிற மனசு யாருக்கு வரும்?"

டிங்கருக்கு அந்த இடத்தில் பூமி கொஞ்சம் சரிந்தது. எல்லாம் அவருக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. ஒட்டு காப்பாற்றப்பட்டது. புது பம்பர் வராது. பழி அவன் தலையில், அதுவும் அவனாகவே எடுத்து வைத்துக்கொண்டது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது. ஆனால் மனைவி தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வை இருக்கிறதே! மீனின் நடுத்துண்டு, தங்கக் காப்பு, சைக்கிள் எல்லாம் அவனுக்குப் போயிற்று. இப்போது இவர் செய்த தப்பு, அதையும் அவனே எடுத்துக்கொண்டு, அதற்கும் பாராட்டு வாங்கிக்கொள்கிறான். அவருடைய தப்பைக்கூட அவருக்கு விட்டுவைக்க மாட்டானா?

"அவன் விடல," என்று கத்தினார். "நான்தான் அடிக்கல."

இருவரும் திரும்பினார்கள்.

"தண்ணி அடிச்சீங்களான்னு என்னைக் கேட்டான். அடிச்சேன்னு சொன்னேன். அடிக்கல. போதுமா? இவன் ஒண்ணும் எனக்காகத் தப்பைச் சுமக்க வேண்டாம். என் தப்பு எனக்கு இருக்கட்டும்."

நல்ல மனிதர்கள் உண்மையைச் சொல்வதற்கு ஆயிரம் உயர்ந்த காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. டிங்கர் அன்று உண்மையைச் சொன்னதற்குப் பொறாமையைத் தவிர வேறு காரணம் இல்லை. உண்மை அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "ஏங்க, அடிக்கலைன்னா அடிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே? நம்ம வீட்டுப் பையன்கிட்ட சொல்றதுக்கு என்ன கவுரவம்?"

நம்ம வீட்டுப் பையன் என்பதுதான் விஷயமே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கலர்தான் டேப்பைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். "வாங்க மாமா, கழட்டுவோம். டாக்டரம்மா காலையில வந்துடுவாங்க."

உரிந்ததையெல்லாம் உரித்தார்கள். மீதியைத் தேய்த்தார்கள். டிங்கருடைய தையல் கறுப்பாக, பிளவின் நீளம் முழுக்க வெளியே வந்தது. "வட்டம்," என்றான் கலர், தலையை நிமிர்த்தாமல். டிங்கர் சட்டைப் பையில் கைவிட்டார். வெள்ளிக்கிழமை போட்ட சாக்பீஸ் துவைத்த சட்டையில் இல்லை. மனைவியின் மேசையிலிருந்து ஒன்றை எடுத்துவந்தார். விளக்கடியில் ஒன்று, நம்பர் பலகைக்குப் பக்கத்தில் ஒன்று, ஓரத்தில் பெரியதாக ஒன்று, காதுகளில் சின்னச் சின்னதாக. கலர் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் விரலை வைத்தான். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். ஓரத்து வட்டத்துக்கு வந்தபோது பம்பரைத் திருப்பி, உள்பக்கம் புதைந்திருந்த கம்பி வலையைப் பார்த்து, "அடேயப்பா," என்றான், தனக்குத்தானே.

டிங்கர் அதைக் கேட்டார். இந்தத் தலையாட்டலைத் தான் எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்று யோசித்தார். எண்ணிக்கை கிடைக்கவில்லை.

பிறகு கலர் சின்ன டப்பாவை எடுத்தான். இந்த முறை டிங்கர் வேறு பக்கம் போகவில்லை, பக்கத்தில் குனிந்து நின்றார். துணியால் துடைத்து, தூரத்திலிருந்து மெல்லியதாக ஒரு வீச்சு. ஒரு கணம் ஈரம் மின்னியது, அவ்வளவுதான். காய்ந்தபோது முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எங்கே அடித்தான், எங்கே அடிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. கலர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். தோரணை என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் காத்திருப்பாக இருந்தது. தூசி படக் கூடாதே என்று தள்ளி நிற்கிறான், கை சும்மா இருந்தால் எதையாவது தொட்டுவிடுமே என்று கட்டிக்கொள்கிறான்.

"இது ஒண்ணுமே தெரியலையேடா," என்றார் டிங்கர்.

"தெரியாது மாமா."

"யாராவது இதைப் பத்திக் கேட்டிருக்காங்களா?"

"யாரும் கேட்டதில்ல. நீங்க மட்டும் தண்ணின்னு பேரு வெச்சிருக்கீங்க."

டிங்கர் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார். இதனால் அவருடைய பொறாமை தீர்ந்துபோனது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அப்படித் தீர்கிற சரக்கு இல்லை. மதியச் சாப்பாட்டில் நடுத்துண்டு கலரின் தட்டுக்குத்தான் போனது, அவரும் பார்த்தார். கலர் அதில் பாதியைப் பிய்த்து இவர் தட்டில் வைத்தபோது, வைத்த விதத்தில் கொஞ்சம் அலட்டல் இருந்ததாகவே அவருக்குப் பட்டது. ஆனாலும் சாப்பிட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே நிறமும் பளபளப்பும் முடிந்துவிட்டன. சூடு விளக்கின் முன்னால் பம்பர் காய்ந்தது. திங்கட்கிழமை அதிகாலையில் இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். டேப்பை ஒட்டி, கலர் கண்ணை மூடிக்கொள்ள, டிங்கர் பிரித்தார். டேப் வெறுமையாக வந்தது. கலர் வண்டி முழுவதையும் ஒரு மென்துணியால் துடைத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான். டிங்கர் அடுத்த வண்டியின் கதவுக்குப் போகாமல் அவன் பக்கத்திலேயே நின்றார். இவ்வளவு நடந்த பிறகு டாக்டரம்மா என்ன சொல்கிறார் என்று முகத்துக்கு முகமாகக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

டாக்டரம்மா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே போனில் பேசிக்கொண்டிருந்தார். "கன்னுக்குட்டியோட கால் தெரியுதா? ஒரு காலா ரெண்டு காலா? இழுக்காதீங்க, யாரும் இழுக்காதீங்க, நான் வந்துட்டேன்." சாவிக்குக் கையை நீட்டினார். டிங்கரின் மனைவி கொடுத்தாள். கலர் ஒரு அடி முன்னால் வந்து, "டாக்டரம்மா, முன்பக்கம் பாருங்க—" என்றான். அவர் தலையை ஆட்டினார், போனைப் பார்த்துத்தான். கதவு சாத்தப்பட்டது. பழைய எஸ்யூவி பின்னால் வந்து, வளைந்து, பம்பரின் மேல் காலை வெயிலை ஒருமுறை வழியவிட்டு, தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது. அவர் அதைச் சுற்றி நடக்கவில்லை. குனியவில்லை. தடவவில்லை.

கலர் துணியோடு வாசலில் அப்படியே நின்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"என்ன மாமா இது," என்றான். "ஒரு வார்த்தை சொல்லலையே."

டிங்கர் மேசையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வண்டியின் கதவைப் பார்த்து நடந்தார்.

"பழகிடும் மாப்ள," என்றார்.